இரண்டு பானைக் கணக்கு

கொட்டாம்பாறையின் அறுபத்திரண்டு ஆண்களில் நான்கே பேர்தான் சாராயம் குடிக்கிறார்கள், பத்தொன்பது பேர்தான் பீடி பிடிக்கிறார்கள் என்று எழுதி முடித்தபோது தங்கமணிக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. ஒரு தாளில்கூட அடித்தல் திருத்தல் இல்லை. மூன்றே நாளில் ஒரு மலைக் கிராமத்தை முடித்த முதல் ஆள் அவள்தான்.

நைனார்பாளையத்துப் பெண் அவள். பி.எஸ்ஸி. கணக்கு படித்துவிட்டு இரண்டு வருடம் வேலையில்லாமல் இருந்தவளுக்கு, சுகாதார ஆய்வு ஒன்றில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. மக்களிடம் பீடி, சாராயப் பழக்கம் எவ்வளவு என்று நாற்பத்து மூன்று ஊர்களில் கேட்டு எழுத வேண்டும். கல்வராயன் மலையில் அவளுக்கு விழுந்த ஊர் கொட்டாம்பாறை. வெள்ளிமலையில் பேருந்தை விட்டு இறங்கி ஏழு கல் நடக்க வேண்டும்.

அது எண்பத்தேழாம் வருடம், புரட்டாசி பிறந்த நேரம். அவள் கீழே இறங்க இருந்த அன்று அவள் சாதி சனம் இட ஒதுக்கீடு கேட்டுக் கீழே சாலை மறியலைத் தொடங்கியது. கச்சிராயபாளையம் சாலையில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள், பேருந்து ஓடவில்லை, ஒரு வாரத்துக்கு எதுவும் நகராது என்று சேதி வந்தது. தங்கமணி தங்கியிருந்தது தர்மன் வீட்டில். அவன் மனைவி பழனியம்மாள், “இருந்துட்டுப் போ கண்ணு. சாமைக் கஞ்சிக்கு இன்னா கொறச்சல்?” என்று பையை வாங்கி உள்ளே வைத்தாள்.

மறியலின் நான்காம் நாள் அம்மாசியின் பெட்டிக்கடையில் பீடி தீர்ந்தது. கீழேயிருந்து சரக்கு வந்தால்தான் உண்டு. அன்று காலையில் தண்ணீர் எடுக்கப் போன தங்கமணி, கடை முன்னால் கூட்டத்தைப் பார்த்து நின்றாள்.

“ஒரு கட்டு கூடவா இல்ல? ஒளிச்சி வெச்சிக்கினு வெளாடறியா?” என்று அம்மாசியிடம் மல்லுக்கு நின்றவன் மாயவன். பீடியைத் தொட்டதே இல்லை என்று ஐந்தாறு நாள் முன்னால்தான் அவளிடம் சொல்லிக் கைநாட்டு வைத்தவன். அவனுக்குப் பின்னால் இருபது, முப்பது பேர் இருந்தார்கள். எல்லா முகமும் அவளுக்குத் தெரியும். பாதிக்கு மேற்பட்டோர் தாளில் ‘இல்லை’ என்றுதான் எழுதியிருந்தாள். கூட்டத்தில் தர்மனும் இருந்தான். அவளைக் கண்டதும் மேலே மரத்தை அண்ணாந்து பார்த்தான்.

தங்கமணிக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. ஒரு வாரமாக ஒரே வீட்டில் இருந்தும் தர்மனின் சட்டையில் அடித்த பீடி வாடையை அவள் கணக்கில் எடுக்கவில்லை. தாளில் இல்லாதது இல்லை என்றே நம்பியிருந்தாள்.

அன்று சோறு தின்னும்போது அவளே கேட்டாள். “ஏண்ணே, எங்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?”

தர்மன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். “மார்கழியில சர்க்காரு சாராயக் கடைய மூடிட்டாங்க. அப்பறம் ரெண்டு வாட்டி போலீசு மேல வந்து சாராயம் காய்ச்சற பானைய ஒடச்சிட்டுப் போனாங்க. நாலு பேர இழுத்துக்கினு போயிட்டாங்க. நீ வந்து எம்பேரு, எங்கப்பன் பேரு, வூட்டு நம்பரு எல்லாம் எழுதிக்கினு, குடிக்கிறியான்னு கேக்கற. எவன் ஆமான்னு சொல்லுவான்? பீடிக்கு ஆமான்னு சொன்னா அடுத்தது சாராயத்துக்கும் கேப்பன்னு நெனச்சாங்க.”

“நான் போலீசு இல்லீங்கண்ணே.”

“உங்கையில பேனா இருக்குதுல்ல.”

தட்டைக் கழுவ எடுத்த பழனியம்மாள் நின்றாள். “ஓட்டுப் போடறப்போ யாரு பேரையும் எழுதறதில்ல. ஆனாலும் யாருக்கு எத்தினின்னு தெரிஞ்சிபோவுது. அந்த மாதிரி கேட்டா இன்னா?”

தங்கமணி கையிலிருந்த கவளத்தை வாயில் வைக்கவில்லை. கல்லூரியில் மூன்று வருடம் படித்த கணக்கு அப்போதுதான் அவளுக்கு உயிரோடு எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மறுநாள் முழுக்க இரண்டு பெண்களும் அதே வேலையாக இருந்தார்கள். வாய் குறுகிய இரண்டு பானைகள். ஒன்று பீடிக்கு, ஒன்று சாராயத்துக்கு. ஒவ்வொருவரும் தனியாக உள்ளே போக வேண்டும். பழக்கம் உண்டென்றால் புளியங்கொட்டை, இல்லையென்றால் கூழாங்கல். பானைக்கு ஒன்றாகப் போட்டுவிட்டு வந்துவிடலாம். பேர் இல்லை, கைநாட்டு இல்லை.

தங்கமணி உள்ளே போய்ப் போட்டுப் பார்த்தாள். வெளியே இருந்த பழனியம்மாள் சிரித்தாள். “மொதல்ல கொட்டை, அப்பறம் கல்லு. சரியா? சத்தமே காட்டிக் குடுக்குதே. வாசல்ல குந்திக்கினு இருக்கறவன் எல்லாத்தையும் எண்ணிடுவான்.” பிறகு அவளே இரண்டு கை சாமை உமியை அள்ளிப் பானைகளின் அடியில் போட்டாள். மறுபடி போட்டபோது எது விழுந்தாலும் சத்தமில்லை.

அடுத்த நாள் கோயிலுக்குப் பக்கத்துக் கொட்டகையில் கம்பளியைத் திரையாகத் தொங்கவிட்டுப் பானைகளை உள்ளே வைத்தார்கள். முதலில் யாரும் நகரவில்லை. தர்மன் எழுந்து போனான். வெளியே வந்து, “உள்ள ஒண்ணுமில்லடா, பானதான் இருக்குது” என்றான். அதற்குப் பிறகு வரிசை நின்றது. எல்லோர் முன்னாலும் இரண்டு பானைகளையும் கவிழ்த்து, உமியைப் புடைத்துவிட்டு எண்ணினார்கள். ஒவ்வொரு பானையிலும் சரியாக அறுபத்திரண்டு. பீடிப் பானையில் கொட்டை நாற்பத்தெட்டு. சாராயப் பானையில் நாற்பத்தொன்று.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிறகு மாயவன், “அப்போ நான் மட்டும் இல்ல” என்றான். கொட்டகையே சிரித்தது.

மறியல் முடிந்து கள்ளக்குறிச்சிக்கு வந்ததும் தங்கமணி இரண்டு கணக்கையும் மேற்பார்வையாளர் கண்ணாயிரத்தின் மேசையில் வைத்தாள். அவர் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“பானை, புளியங்கொட்டைன்னு எழுதி அனுப்பினா மெட்ராஸ்ல சிரிப்பாங்கம்மா. மொதல்ல எடுத்தது அழகா இருக்குது. அத மட்டும் குடுத்துட்டுப் போ.”

“அது பொய்ங்க சார். தெரிஞ்சே அதுல கையெழுத்துப் போட முடியாதுங்க.”

“மத்தவங்க எல்லாம் போட்டுட்டாங்க.”

“எந்தம்பி அறிவுச்செல்வன் ஒரு வாரமா ரோட்டுல ஒக்காந்திருந்தான் சார். எங்க சனம் எத்தினி பேருன்னு எண்ணிப் பாத்து அதுக்கேத்த பங்கு குடுங்கன்னு கேட்டுத்தான். கணக்குத் தப்பா இருந்தா இன்னா ஆவும்னு எங்க வூட்டுக்குத் தெரியுங்க.”

அடுத்த மாதத்திலிருந்து அவளுக்கு வேலை இல்லை என்று கண்ணாயிரம் சொல்லிவிட்டார். அவள் சண்டை போடவில்லை. இரண்டு கணக்கையும், எப்படி எடுத்தாள் என்று ஆறு பக்கம் எழுதியதையும் பதிவுத் தபாலில் சென்னைக்கு அனுப்பிவிட்டு நைனார்பாளையத்துக்குப் பேருந்து ஏறினாள். மூன்று மாதம் பதில் இல்லை. “வந்த வேலையத் தொலச்சிட்டு வந்தவ” என்று அம்மா ஜெயம்மாள் பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினாள். தங்கமணி கரும்புக்குக் காய்ந்த சோகை உரித்தாள், நெல் அறுத்தாள். ஆனால் ஒரு நாளும், பேசாமல் முதல் கணக்கைக் கொடுத்திருக்கலாமோ என்று அவளுக்குத் தோன்றவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு ஜீப் வந்து நின்றது. ஆய்வை நடத்தும் டாக்டரம்மாவே இறங்கி வந்தார். கையில் அந்த ஆறு பக்கம் இருந்தது. ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு.

“அடியில உமி போடணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?”

“எனக்குத் தோணலீங்க. கொட்டாம்பாறை பழனியம்மாள் சொன்னாங்க.”

டாக்டரம்மா அந்தப் பெயரை எழுதிக்கொண்டார். வெவ்வேறு பக்கத்தில் ஐந்து ஊர்களில் இதே மாதிரி பானை வைத்துப் பார்த்ததாகவும், ஐந்திலும் முதல் கணக்குக் கவிழ்ந்துவிட்டதாகவும் சொன்னார். எல்லா ஊருக்கும் திரும்பப் போகப் போகிறோம், இந்தப் பக்கத்துக்கு நீங்கள் பொறுப்பெடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். ஜெயம்மாள் முந்தானையால் நாற்காலியை இன்னொரு தடவை துடைத்தாள்.

மாசியில் தங்கமணி மறுபடி மலையேறினாள். சேதி சொல்லத்தான் போனாள். கொட்டகையில் ஆண்களும் பெண்களும் கூடியிருந்தார்கள்.

“நாப்பத்தி மூணு ஊர்ல கேட்டாங்க. மொதல் சுத்துல நம்பிக்கையான கணக்குன்னு ஒண்ணே ஒண்ணத்தான் எடுத்துக்கினாங்க. அது உங்களுது. ஊர் பேரு எங்கயும் வராது.”

தர்மன் தாடையைச் சொறிந்தான். “குடிகாரனுங்க கணக்குல நம்ம ஊரு மொதல்ல வந்திருச்சா?”

“இல்லீங்கண்ணே. உண்மை சொன்னவங்க கணக்குல.”

மாயவன் தோள் துண்டை எடுத்து உதறி, நேராக மடித்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். பழனியம்மாளின் பெயரை டாக்டரம்மா எழுதிக்கொண்டதைச் சொன்னபோது அவள் நம்பவில்லை.

“எம்பேரையா? இன்னான்னு எழுதனாங்க?”

“பழனியம்மாள், கொட்டாம்பாறைன்னு. நான் பாத்தேன்க்கா.”

பழனியம்மாள் பக்கத்துப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். “கேட்டியா?” என்று மட்டும் சொன்னாள். பிறகு அதே சேதியை முதலிலிருந்து இன்னொரு தடவை, மெதுவாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லச் சொன்னாள். தங்கமணி சொன்னாள்.