வத்தல் வேட்டி

ஆடி மாதம் ஒரு வேட்டி காணாமல் போனது. அது காற்றில் பறக்கவில்லை, களவுதான் போயிருக்கிறது என்று ஞானசுந்தரிக்குத் தெரியவந்தபோது புரட்டாசி பிறந்துவிட்டது. திருடியவர் அவளுடைய வீட்டுக்காரர்.

வேட்டி என்றால் உடுத்துகிற வேட்டி இல்லை. காரியாபட்டியிலிருந்து சீர்ப் பாத்திரங்களுக்கு நடுவே மடித்து வைத்து வந்த பழைய எட்டு முழம். உப்பும் புளித்த மோரும் விட்டு ஊறப்போட்ட சுண்டைக்காயை வெயிலில் பரப்புவதற்கென்றே ஒதுக்கி வைத்தது. அதற்குச் சோப்புக் காட்டக் கூடாது, தண்ணீரில் அலசவும் கூடாது. காய்ந்த வத்தலை அள்ளிய பிறகு உதறிக் கொடியில் போட்டுவிட வேண்டும். அவள் பிறந்த வீட்டு வழக்கம் அது. அந்தத் துணியில் காய்ந்தால்தான் வத்தலில் ருசி ஏறும் என்று அவள் அம்மா சத்தியம் செய்வாள்.

கொடியில் காணோம் என்றதும் வெளுக்க வருகிறவளைக் கேட்டாள், அடுத்த வீட்டாரைக் கேட்டாள், முள்வேலி முழுக்கப் பார்த்தாள். வீட்டுக்காரரை மட்டும் கேட்கவில்லை. தோளில் கிடக்கிற துண்டை வீடெல்லாம் தேடுகிற மனுசரிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது?

அவளுக்கு அப்போது அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. விருதுநகர்.

திருத்தங்கலுக்கு வெளியே, சிவகாசி ரோட்டை ஒட்டி, அவள் மாமனார் சீனிவாசகம் ஒரு பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தார். சின்னக் கம்பெனிதான். கேட்டை ஒட்டி மேட்டில் ஓர் ஆபீஸ் கொட்டகை. அங்கிருந்து மேற்கே சரிவில் தள்ளித் தள்ளி ஷெட்டுகள். கடைசியில் வெடி காயப்போடும் சிமிண்டுத் தளம். மேட்டில் நின்றால்தான் மேற்கு மலை தெரியும். மலைமேல் மேகம் கூடினால் சீனிவாசகம் கேட்டில் நின்றுகொண்டு, "மழை, அள்ளுங்க" என்று ஒரு குரல் கொடுப்பார். அந்தக் குரலைக் கேட்டு ஷெட்டிலிருந்து பெண்கள் ஓடிவந்து தளத்தில் கிடக்கும் வெடியை அள்ளி உள்ளே போடுவார்கள். தன் தொண்டைதான் கம்பெனிக்குக் காவல் என்பதில் அவருக்கு ஒரு மீசை முறுக்கல் உண்டு.

பலவேசம் அவருக்கு ஒரே மகன். வெடி சுருட்டுவதை விட்டுவிட்டுக் கம்பி சுருட்டுகிறான் என்பது அவர் புகார். மதுரையில் பழைய புத்தகக் கடையில் ஓர் இங்கிலீஷ் புத்தகம் வாங்கி வந்ததிலிருந்து பிடித்த கிறுக்கு அது. ஒரு தடித்த இரும்பு போல்ட். அதன்மேல் செம்புக் கம்பியும் இரும்புக் கம்பியும் ஒன்றை ஒன்று தொடாமல் பக்கத்தில் பக்கத்தில் சுற்ற வேண்டும். நடுவில் துணி நாடா. ஒரு சுற்று வரிசை முடிந்தால் மேலே துணி, அதன்மேல் அடுத்த வரிசை. தேங்காய்ப் பருமன் வந்ததும் ஈர மண்ணில் புதைத்துவிட்டால், மண்ணின் ஈரமும் இரண்டு உலோகமும் சேர்ந்து கரண்டு கொடுக்குமாம். மண் பேட்டரி.

அந்தக் கரண்டை வைத்துத் தளத்துப் பக்கம் ஒரு மணியை அடிக்கவைப்பது அவன் திட்டம். கேட்டில் பொத்தானை அமுக்கினால், கடைக்கோடி வேப்பமரத்தில் மணி அடிக்கும். தொண்டை வேண்டாம்.

கம்பெனிக்குள் லைட்டுக் கம்பி நுழையக் கூடாது என்பது சீனிவாசகத்தின் சட்டம். டார்ச் லைட்டுக்குப் போடுகிற பேட்டரிக் கட்டை வைக்கலாமே என்றதற்கு, மாசா மாசம் கட்டை மாற்ற இதென்ன சினிமாக் கொட்டகையா என்று கேட்டுவிட்டார். மண்ணிலிருந்து வருகிற கரண்டு என்றதும் சிரித்தார். ஆனால் ஆடிக் கடைசியில் பலவேசம் வீட்டு முற்றத்தில் முதல் சுருளைப் புதைத்து, தண்ணீர் விட்டு, பூசை மணி ஒன்றைச் சின்னச் சுத்தியலோடு பொருத்தி அமுக்கிக் காட்டினான். டங் என்று ஒரு தட்டு. நல்லா கேட்கவில்லை, இன்னொரு தரம் என்றார். இன்னொரு டங். அவர் சிரிப்பு நின்றது.

தளம் வரைக்கும் அடிக்க ஐந்து சுருள் வேண்டும் என்றான் பலவேசம். சரி என்றவர், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசிவிட்டார்.

"ஏலே, தீபாவளி லோடு ஏறுற நாளு வரைக்கும் ஒனக்கு டைம். அதுக்குள்ள தளத்துல மணி அடிச்சா, இந்தக் கம்பெனியில நீ என்னமும் பண்ணு. அடிக்கலைன்னா விருதுநகர்ல ஒன் சித்தப்பன் கமிசன் கடைக்குப் போயிரு. அங்கன கம்பி கெடையாது. வத்தல் மூடைதான்."

மிளகாய் வத்தல் மூட்டை. ஞானசுந்தரியைப் பயமுறுத்தியது அதுதான். கமிஷன் கடைக்குப் பின்கட்டில் குடித்தனம். கல்யாணமான புதிதில் விருந்துக்குப் போயிருந்தபோது, இலையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கும் வரை தும்மினாள். மிளகாய் நெடிக்கு அவள் மூக்கு அப்படி. கண் சிவந்து, மூச்சு இரைத்து, சின்ன மாமனார் வீட்டுப் பாயசம் தொண்டையில் இறங்கவே இல்லை. "பழகிரும் தாயி" என்றார்கள். வாழ்நாள் முழுக்கத் தும்மிப் பழகுவதா? திருத்தங்கலில் வெடிமருந்து வாசனை அவளை ஒன்றும் செய்யவில்லை. அதனால் அந்த வீட்டில் மணி அடிக்க வேண்டும் என்று பலவேசத்தைவிட அதிகம் வேண்டிக்கொண்டவள் அவள்தான்.

அடிக்கவில்லை.

ஆவணி முழுக்க பலவேசம் உட்கார்ந்து இன்னும் நாலு சுருள் சுற்றினான். சிவகாசிக் கடைத்தெருவில் புதுக் காடாத்துணி எடுத்து, நூல் பிடித்த மாதிரி நாடா கிழித்து, முதல் சுருளைவிட அழகாகச் சுற்றினான். கேட்டுக்குப் பக்கத்தில், கிணற்றுத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரம் ஐந்து குழி. ஐந்திலும் புதைத்து வரிசையாகக் கம்பி சேர்த்து அமுக்கினால் வேப்பமரத்தில் சுத்தியல் லேசாக நடுங்கியது. மணியைத் தொடவில்லை.

ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தான். முற்றத்தில் அடித்த மணியைக் குழிக்குப் பக்கத்திலேயே வைத்து முதல் சுருளை மட்டும் தனியாக மாட்டினால் டங். புதுசு நாலும் ஊமை. கம்பியில் கோளாறோ என்றால் எல்லாம் ஒரே கட்டில் வெட்டிய கம்பி. குழியில் கோளாறோ என்று முதல் சுருளைத் தோண்டி மற்றக் குழிகளில் மாற்றி மாற்றிப் புதைத்தான். எங்கே வைத்தாலும் அது அடித்தது. அது கிடந்த குழிக்குள் வேறொன்றை வைத்தால் ஊமை. கம்பெனிப் பெண்களுக்கு இது நல்ல வேடிக்கை. மூத்தவளான இருளம்மாள், தம்பி கெழங்கு நட்டுருக்காரு, பொங்கலுக்குப் பறிச்சிரலாம் என்று சொல்லிச் சிரிக்கவைத்தாள்.

சீனிவாசகம் காத்திருக்கவில்லை. விருதுநகருக்கு ஆள் விட்டுப் பின்கட்டை வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டார்.

நாளைக்கு லோடு ஏறுகிறது என்கிற அன்று காலை, பலவேசம் முதல் சுருளை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் வைத்துக்கொண்டு, கையில் குறட்டோடு உட்கார்ந்திருந்தான். பிரித்துப் பார்க்கப் போகிறானாம். பிரித்தால் இருக்கிற ஒரு டங்கும் போய்விடும் என்று ஞானசுந்தரி குறட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சும்மா பாத்துக்கிட்டே இருந்தா தெரிஞ்சிருமா? கம்பி ஒண்ணு, போல்ட் ஒண்ணு, சுத்துன கையும் ஒண்ணு. துணிகூட ரெண்டும் பருத்திதான். இதுல அம்புட்டும் பழைய துணி, அவ்வளவுதான்."

"பழைய துணிக்கு எங்க போனீக?"

"கொடியில கெடந்துச்சு. ஒரு வேட்டி. வெறைச்சுப்போயி, யாரும் கட்டாத வேட்டி. அதைத்தான் கிழிச்சேன்."

ஞானசுந்தரி குறட்டைக் கீழே வைத்தாள். திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். குனிந்து, சுருளின் ஓரத்தில் துருவும் மண்ணுமாக நீட்டிக்கொண்டிருந்த நாடா நுனியை முந்தானையால் துடைத்தாள். பலவேசம் தடுப்பதற்குள் நுனி நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு கரிக்குது," என்றாள். "ஒரு மாசம் மண்ணுக்குள்ள கெடந்தும் போகலை. இது என் வத்தல் வேட்டி. இதுக்கு முந்தி எங்கம்மா வச்சிருந்த வேட்டி. எத்தனை கோடை உப்பு இதுல ஊறியிருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

பலவேசம் புத்தகத்தை எடுத்துப் புரட்டினான். புத்தகத்தில் ஈர மண் என்றுதான் போட்டிருந்தது. ஈரத்தில் உப்பிருந்தால் கரண்டு தாராளமாக ஓடும் என்று அவன் படித்தவன்தான். படித்தது வேறு பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு அந்த வீட்டில் நடந்ததை மாமனார் பார்த்திருந்தால் இருவரையும் அப்போதே விருதுநகர் பஸ்ஸில் ஏற்றியிருப்பார். ஊமைச் சுருள் நாலும் மண் கழுவி அடுப்படிக்கு வந்தன. உப்புத் தண்ணீர் போதும் என்றான் பலவேசம். உப்பா மோரா எதுவென்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா, ரெண்டும் சேர்ந்துதானே அந்த வேட்டியில் ஏறியது என்று கேட்டாள் ஞானசுந்தரி. அடுத்த வத்தலுக்கென்று புளிக்கவைத்திருந்த பானை மோர் முழுவதும் அண்டாவில் இறங்கியது. கல்லுப்பை அவள் கண்ணளவாக அள்ளிப் போட்டாள். சுருள் நாலும் சுண்டைக்காய் மாதிரி மூழ்கிக் குமிழி விட்டன.

உச்சிப்பொழுதுக்கு மேல் ஐந்து சுருளையும் குழிகளில் மறுபடி புதைத்து, கம்பி சேர்த்துவிட்டு, பலவேசம் சுத்தியலைச் சரிசெய்ய வேப்பமரத்துக்குப் போனான். சாப்பாட்டுத் தூக்கோடு வந்த ஞானசுந்தரி ஆபீஸ் கொட்டகையில் மாமனாருக்குச் சோறு எடுத்து வைத்தாள். நாளைய லோடுக்கான வெடி முழுவதும் தளத்தில் கிடந்தது. கடைசிக் காய்ச்சல்.

சீனிவாசகம் முதல் உருண்டையை வாயில் போட்டவர் அப்படியே எழுந்துவிட்டார். மேற்கே மலையைக் காணோம். மலை இருந்த இடத்தில் கருப்பாக ஒன்று நின்றது.

கேட்டுக்கு ஓடினார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "மழை, அள்ளுங்க" என்று குரல் கொடுத்தார். அதே நேரம் காற்று புறப்பட்டது. மேற்கிலிருந்து புழுதியை வாரிக்கொண்டு நேரே மேட்டைப் பார்த்து ஏறி வந்தது. அவர் குரலை அப்படியே திருப்பி அவர் முகத்திலேயே எறிந்தது. ரோட்டில் போன மாட்டுவண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான். கீழே ஷெட்டில் ஒரு தலைகூட வெளியே நீளவில்லை. மறுபடி கத்தினார். தொண்டை உடைந்து இருமல் வந்தது. ஓடிப்போய்ச் சொல்வதற்குள் முதல் தூறல் தளத்தில் விழுந்துவிடும். அது அவருக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது.

"மாமா, பொத்தான்," என்றாள் ஞானசுந்தரி.

அவர் அவளைப் பார்த்தார். கேட்டுத் தூணில் இருந்த பொத்தானைப் பார்த்தார். சாப்பாட்டுக் கையோடு ஒரே அமுக்காக அமுக்கினார்.

காற்றின் போக்கிலேயே, கீழிருந்து மேட்டுக்கு, தெளிவாக வந்தது அந்தச் சத்தம். டங்.

கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே நின்றார். மணி அதற்குப் பிறகு பேசவில்லை.

"விட்டு விட்டு அமுக்குங்க மாமா. அது களைச்சுப்போகும். மூச்சு விட நேரம் குடுக்கணும்."

விட்டு விட்டு அமுக்கினார். டங். டங். டங். கீழே இருளம்மாள் முதலில் வெளியே வந்து வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தாள், பிறகு வானத்தை. அவள் போட்ட சத்தத்தில் எல்லா ஷெட்டும் தளத்துக்கு ஓடியது. பலவேசம் மரத்தடியிலிருந்து பாய்ந்து வந்து வெடி பரப்பிய தட்டு ஒன்றை அள்ளினான். கடைசித் தட்டு உள்ளே போய்க் கதவு சாத்தவும், மழை பொத்துக்கொண்டு ஊற்றவும் சரியாக இருந்தது.

அதற்குப் பிறகும் சீனிவாசகம் அமுக்கிக்கொண்டிருந்தார். அள்ளியாகிவிட்டது மாமா என்று அவள் சொன்ன பிறகுதான் கையை எடுத்தார். பொத்தானில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையைத் துண்டால் துடைத்தார்.

நனைந்து வந்த மகனைப் பார்த்து அவர் பாராட்டாக ஒன்றும் சொல்லவில்லை. மணி கொஞ்சம் பெரிசாக இருக்கலாம் என்றார். அடுத்தாற்போல் வெடிமருந்து ரூம் பக்கம் இந்தக் கம்பியைக் கொண்டுபோனால் காலை ஒடித்துவிடுவேன் என்றார். கடைசியாக, லோடு லாரி விருதுநகர் வழியாகத்தான் போகிறது, சித்தப்பாவிடம் பின்கட்டை வாடகைக்கு விட்டுவிடலாம் என்று டிரைவரிடம் சொல்லி அனுப்பு என்றார். ஞானசுந்தரி முகத்தைத் திருப்பிக்கொண்டு தூக்குச்சட்டியை அடுக்கினாள். அவள் சிரிப்பதை மழை மட்டும்தான் பார்த்தது.

பாதியில் விட்ட சோற்றுக்கு மறுபடி உட்கார்ந்தவர் இலையைத் துழாவினார்.

"ஏம்மா சுந்தரி, வத்தல் எங்க? வத்தல் இல்லாம மோருஞ்சோறு எப்படி எறங்கும்?"

"மோரும் இல்லை மாமா," என்றாள் அவள். "பேட்டரிக்கு ஊத்தியாச்சு."

சீனிவாசகம் மகனைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். வாசலில் மழையில் ஊறிக்கொண்டிருந்த ஐந்து குழிகளையும் பார்த்தார். பிறகு, இருக்கிற ரசத்தை ஊற்றச் சொல்லிவிட்டு, நாளைக்குப் பால்காரியிடம் கூட ஒரு படி வாங்கிப்போடு என்றார். எதற்கென்று சொல்லவில்லை.

மறுநாள் பலவேசம் புது எட்டு முழம் ஒன்றை வாங்கி வந்து அவளிடம் நீட்டினான். ஞானசுந்தரி அதை வாங்கி அண்டாவில் மிச்சமிருந்த உப்பு மோரில் முக்கி, பிழியாமல் கொடியில் போட்டாள். இது பழசாக இன்னும் எத்தனையோ கோடை ஆகும். அதற்குள் யாரும் கை வைக்காமல் இருக்க வேண்டும்.