மூன்றாவது வரி

காயல்பட்டினத்திலிருந்து தூத்துக்குடி வரும் வழியெல்லாம் ராஹிலா சண்டை போட்டுக்கொண்டே வந்தாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. சண்டை மனசுக்குள்தான், சிவபாலனோடு. அந்த மனிதரை அவள் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. ஆனால் பழையகாயல் உப்பளங்கள் வருவதற்குள் அவரை நாலு விதமாகக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு வருஷத்துக்கு முன்னால் சிவபாலன் ஊரறிய ஒன்று எழுதினார். அதே இடத்தில், அதே ஊரறிய, "தப்பு என்னுடையது" என்று அவர் எழுத வேண்டும். அதை வாங்காமல் திரும்புவதில்லை என்று உம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

நங்கூரம் என்று ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம். பழைய, நோஞ்சான் கம்ப்யூட்டர்களிலும் ஓடும். புன்னைக்காயல் படகுகள் சிலவற்றில் கடலின் ஆழம் காட்டும் சின்னத் திரைக்குப் பின்னால் அதுதான் ஓடுகிறது. காசு கிடையாது. அதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், கூடச் சேர்ந்து வேலை செய்யலாம். துறைமுகத்தில் கிரேன்களுக்கு எலெக்ட்ரானிக்ஸ் வேலை பார்த்த சிவபாலன் தொடங்கியது. "வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது" என்று அதன் இணையதளத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார். திறந்துதான் இருந்தது. ஆனால் அந்த வாசலை அடைத்துக்கொண்டு அவரே உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டி உள்ளே போனவர்கள் ரொம்பக் குறைவு.

உள்ளே வர விரும்புகிறவர்களுக்கென்று "புதியவர்களுக்கு" என்று ஒரு பக்கம் இருந்தது. எழுதியவர் அவரேதான். மேலே சிவப்பில் ஒரு மிரட்டல்: "கீழே உள்ளதை ஒரு வரி விடாமல், ஒரு எழுத்து மாற்றாமல் செய்யவும்."

ராஹிலா அப்படியேதான் செய்தாள். அவளுடைய மாப்பிள்ளை துபாயிலிருந்து அனுப்பிய லேப்டாப். பிள்ளை தூங்கும் நேரத்தில் அதை வைத்து ஊர்க் கடைகளுக்கு வெப்சைட் செய்துகொடுத்துக்கொண்டிருந்தவள், உருப்படியாக ஏதாவது கற்றுக்கொள்வோம் என்று நங்கூரத்துக்கு வந்தாள். மூன்றாவது வரி, பென் டிரைவில் நங்கூரத்தை எழுதச் சொன்னது. அந்தக் கட்டளையில் பென் டிரைவின் பெயர் 'எஸ்டிபி' என்று இருந்தது. எஸ்டிபி என்றால் கம்ப்யூட்டர் கண்ணில் படுகிற இரண்டாவது டிஸ்க், அவ்வளவுதான். சிவபாலனின் மெஷினுக்குள் ஒரே டிஸ்க், அதனால் இரண்டாவது பென் டிரைவாக இருக்கும். ராஹிலாவின் மெஷினுக்குள்ளேயே இரண்டு டிஸ்க். அவள் என்டரைத் தட்டினாள். பென் டிரைவ் அலுங்காமல் இருந்தது. உள்ளே இருந்த இரண்டாவது டிஸ்க் மொத்தமாகத் துடைக்கப்பட்டது. அவள் செய்துகொண்டிருந்த வெப்சைட்டுகள் எல்லாம் அதில்தான் இருந்தன. காப்பி இல்லை. கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

அழுகையும் ஆத்திரமுமாக, நடந்ததை நங்கூரத்தின் பொது விவாதப் பக்கத்தில் எழுதினாள். மூன்றாவது வரிக்கு மேலே ஒரு எச்சரிக்கை சேர்க்கச் சொல்லி, அந்த எச்சரிக்கையையும் தானே எழுதி அனுப்பினாள். சிவபாலனின் பதில் கால் மணி நேரத்தில் வந்தது.

"திருத்தம் வேண்டாம். பக்கத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. படிக்கத் தெரியாதவர்கள் அடுப்படியோடு நின்றுகொள்ளலாம்."

டிஸ்க் போனதைக்கூட அவள் விழுங்கிக்கொண்டாள். இதை விழுங்க முடியவில்லை. விழுங்கினாலும் இன்டர்நெட் விடவில்லை. அவள் பெயரும் ஊர்ப் பெயரும் போட்டுத் தேடினால் முதலில் வந்து நிற்பது இந்தப் பதில்தான். போன மாதம் சென்னைக் கம்பெனி ஒன்று வீடியோவில் அவளை இன்டர்வியூ செய்தது. எல்லாக் கேள்விக்கும் சரியாகச் சொன்னாள். கடைசியில் அந்தப் பெண் அதிகாரி தயங்கித் தயங்கி, "உங்க பேரைத் தேடினா ஒண்ணு வருது, அது நீங்கதானா?" என்று கேட்டாள். வேலை கிடைக்கவில்லை. அன்றைக்குத்தான் ராஹிலா முடிவு செய்தாள், இனிமேல் கெஞ்சுவதாக இல்லை என்று.

நங்கூரத்தின் கூட்டம் துறைமுகச் சாலையில், ஒரு லாரி ஆபீசுக்கு மேலே இருந்த ஹாலில். கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்கான நாள் என்று அறிவித்திருந்ததால் இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகள் இரண்டு வரிசை நிறைய உட்கார்ந்திருந்தார்கள். பெரியதாழை டேவிட்சன் ஸ்டாண்டில் போனை மாட்டி, கூட்டத்தை நேரலையாக இன்டர்நெட்டில் விட்டுக்கொண்டிருந்தான். நங்கூரத்தில் சிவபாலனுக்கு அடுத்தபடியாக நிறைய வேலை செய்கிறவன் அவன்தான். எந்த நேரலையையும் பிறகு அழிக்கக் கூடாது என்பது சிவபாலன் போட்ட சட்டம். தவறு செய்தவன் அதைப் பார்த்துப் பார்த்து வெட்கப்பட வேண்டுமாம்.

சிவபாலன் ஆள் பார்க்க சாதுவாகத்தான் இருந்தார். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. வாயைத் திறந்ததும்தான் விஷயம் தெரிந்தது.

"எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கலை. நானா முட்டி மோதிப் படிச்சேன். உங்களுக்கு ஒரு பக்கமே எழுதிப் போட்டிருக்கு. அதையும் படிக்கத் துப்பில்லாம கேள்வி கேக்க வாரவனை எனக்குப் பிடிக்காது. இப்ப அந்தப் பக்கத்தை வச்சே செஞ்சு காட்டுதேன். யாராவது ஒரு லேப்டாப் குடுங்க."

ராஹிலா எழுந்து போய்த் தன் லேப்டாப்பை மேஜைமேல் வைத்தாள்.

"பேரு என்னம்மா?" என்றார் சிவபாலன், புரொஜெக்டர் ஒயரை மாட்டிக்கொண்டே.

"ராஹிலா. காயல்பட்டினம்."

ஒயர் மாட்டிய கை ஒரு நொடி நின்றது. டேவிட்சன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"அடுப்படியில இருந்து நேரா வாரேன் சார்," என்றாள் ராஹிலா. "நீங்க அந்தப் பக்கத்துல இருக்கறதை மட்டும் செய்யணும். ஒரு எழுத்து கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நீங்க போட்ட சட்டம்தானே?"

பிள்ளைகள் முன்னால் பின்வாங்க முடியுமா? வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "தாராளமா செய்வோம்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முதல் வரியும் இரண்டாவது வரியும் ஒழுங்காக ஓடின. மூன்றாவது வரிக்காகப் பென் டிரைவைச் செருகினார். செருகிய உடனே அவர் விரல்கள் பக்கத்தில் இல்லாத ஒரு கட்டளையைத் தட்டின. எந்த டிஸ்க்குக்கு என்ன பெயர் என்று காட்டும் கட்டளை. இத்தனை வருஷப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது.

"இது எந்த வரி சார்?" என்றாள் ராஹிலா.

"இது சும்மா பாக்கறதுக்கு."

"பக்கத்துல சும்மா பாக்கச் சொல்லலியே. அழிங்க."

அவர் அழித்தார். ஆனால் திரையில் அதற்குள் பட்டியல் வந்து போய்விட்டது. பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிவபாலனுக்கு விளங்கியது. எஸ்டிபி என்பது பென் டிரைவ் இல்லை, இந்த மெஷினுக்குள் இருக்கும் டிஸ்க். அவர் பின்கழுத்தில் வேர்வை துளிர்ப்பதை ராஹிலா பார்த்தாள். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

பக்கத்தில் எழுதியிருந்தபடியே, எஸ்டிபி என்று போட்டு, மூன்றாவது வரியைத் தட்டி முடித்தார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"என்டர் அடிங்க சார்."

"இது வேற மாதிரி மெஷின்மா."

"வேற மாதிரி மெஷினா இருந்தா என்ன செய்யணும்னு பக்கத்துல எங்க இருக்கு? காட்டுங்க."

"இதெல்லாம் சொல்லித் தெரியணுமா? கம்ப்யூட்டரைத் தொடுதவனுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

ராஹிலா பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "ஏன் அடிக்கக் கூடாதுன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

முன்வரிசையில் இருந்த பெண் மட்டும் மெதுவாக, "அடிச்சா என்ன ஆகும்க்கா?" என்று கேட்டாள்.

"அடிச்சாத்தானே தெரியும்," என்று சொல்லிவிட்டு ராஹிலா மேஜையோரம் குனிந்து என்டர் பக்கம் விரலைக் கொண்டுபோனாள்.

"ஏளா, அடிச்சிராத!" என்று சிவபாலன் கத்தினார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "உள்ள இருக்கறது பூரா போயிரும்!"

மரியாதை எல்லாம் பறந்து, வீட்டில் தங்கச்சியை அதட்டுவதுபோல வந்த குரல். ஹால் முழுக்கக் கேட்டது. நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது.

ராஹிலா விரலை எடுக்கவில்லை, அழுத்தவும் இல்லை. அவள் இப்போது செய்துகொண்டிருக்கும் வேலைக்கெல்லாம் வீட்டு அலமாரியில் காப்பி இருந்தது. அதை அவரிடம் சொல்லவேண்டிய அவசியம் அவளுக்குத் தெரியவில்லை.

"இப்பச் சொன்னீங்கள்ல சார், இதைத்தான் அன்னைக்கு எழுதி அனுப்பினேன். உங்க வாயால கத்தத் தெரியுது. பக்கத்துல போட மட்டும் வலிக்குதா?"

"புதுசா வாரவங்க கொஞ்சம் அடிபட்டாத்தான் கத்துக்கிடுவாங்க," என்றார் சிவபாலன். குரலில் பழைய தெம்பு இல்லை.

"என்ன பேச்சு அண்ணாச்சி இது?" ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்து டேவிட்சன் சீறினான். "எங்க அண்ணன் சங்கு எடுக்கக் கடல்ல இறங்குதான். மேல வள்ளத்துல ஒருத்தன் காத்து போற ட்யூபைப் பாத்துக்கிட்டே நிக்கான். அடிபட்டுக் கத்துக்கோன்னு அவன் ட்யூபை விட்டா எங்க அண்ணன் பொணமாத்தான் வருவான். எத்தனை பேரு இந்த மூணாவது வரியோட ஓடிப் போயிட்டாங்கன்னு உங்களுக்கே தெரியும். எழுதிருங்க."

சிவபாலன் விழுந்த நாற்காலியை நிமிர்த்தினார். தன் லேப்டாப்பைத் திறந்தார். டேவிட்சன் சத்தம் போடாமல் வந்து புரொஜெக்டர் ஒயரை அதற்கு மாற்றிக் கொடுத்தான். ஒரு வருஷத்துக்கு முந்தைய அந்த விவாதம் சுவரில் பெரிதாக வந்தது. அடுப்படி வரியைப் படித்த பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பக்கத்தில் சிறு திருத்தம் செய்யப்பட்டுள்ளது," என்று தட்டினார்.

"இது இல்ல," என்றாள் ராஹிலா.

அவர் அதை அழித்தார். கீழே ஒரு லாரி போனது, ஜன்னல் அதிர்ந்து அடங்கியது. பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

"ராஹிலா பக்கத்தில் உள்ளபடிதான் செய்தார். தவறு பக்கத்தில் இருந்தது. பக்கத்தை எழுதியவன் நான்."

"அடுப்படி?"

அவர் திரும்பி அவளை முறைத்தார். அவள் பதிலுக்கு முறைத்தாள். அந்த முறைப்பில் ஒரு துளி இரக்கம்கூட இல்லை, அவருக்கும் அது தெரிந்தது. திரும்பி, "அடுப்படி என்று எழுதியதும் என் தவறு," என்று சேர்த்து அனுப்பினார். அது ஏறியது. அவள் பெயரைத் தேடுகிற எவருக்கும் இனி அந்தப் பழைய பதிலின் அடியிலேயே இதுவும் வரும்.

டேவிட்சன் தன் லேப்டாப்பிலிருந்து மூன்றாவது வரிக்கு மேலே எச்சரிக்கையைச் சேர்த்தான். ஒரு வருஷமாக வேண்டாமென்று கிடந்த அவளுடைய வாசகம், ஒரு எழுத்து மாறாமல்.

சிவபாலன் லேப்டாப்பை மூடினார். "போதுமா?" என்றார். வந்தவள் வந்த காரியம் முடிந்து போய்விடுவாள் என்று அவர் நினைத்தது அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிந்தது.

ராஹிலாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். பையை எடுக்கக் கையும் நீட்டினாள். அப்போதுதான் முன்வரிசைப் பெண் தன் சின்ன லேப்டாப்பில், அவர்கள் விட்ட இடத்தில், பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

பையைத் தரையில் வைத்துவிட்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"பக்கம் இன்னும் முடியலையே சார்," என்றாள். "உக்காருங்க. மூணாவது வரியை இவளுக்கு நான் சொல்லிக் குடுக்கேன், நீங்க நாலாவது வரியைப் படிங்க."