கணக்கு எங்கே?

சம்மன் வந்த மூன்றாம் நாள், விடுதியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பின் முனைகளைச் சேர்த்துப் பிடிக்க முடியாமல் அவள் தடுமாறினாள். எட்டு வருடமாக விரிப்பு மடிக்கிற கை. முனை பிசகினால் இஸ்திரி இயந்திரம் துணியை இழுத்துக் கசக்கிவிடும். அன்று மூன்று விரிப்புகள் கசங்கிவிட்டன. மேற்பார்வைக்காரி வந்து நின்றாள். இயந்திர இரைச்சலையும் மீறி ஒலிக்கும் தொண்டை என்பதால் கூடத்தில் அவளுக்குச் சைரன் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது இவள்தான்.

“என்ன, உடம்புக்கு முடியலையா?”

இவள் இடுப்பில் செருகியிருந்த சம்மனை எடுத்துக் கொடுத்தாள். கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து எட்டு மாதம் படுத்துக் கிடந்தபோது மருந்து, வாடகை, பால் எல்லாம் கிரெடிட் கார்டில்தான் ஓடின. அவர் எழுந்து நடமாடத் தொடங்கியபோது கார்டு படுத்துவிட்டது. வங்கி அந்தக் கடனை ஒரு வசூல் நிறுவனத்துக்கு விற்றுவிட, அவர்கள் இரண்டு மடங்கு கேட்டு வழக்குப் போட்டிருந்தார்கள். நீதிமன்றம் என்றாலே அவளுக்குப் பயம். கண்டுகொள்ளாமல் விட்டால் தானாக ஓய்ந்துவிடாதா என்று ஒரு நப்பாசை.

சைரன் நின்றபடியே முழுவதும் படித்தாள். அதிசயமாகக் குரல் தாழ்ந்திருந்தது.

“போகாம இருந்துடலாம்னு பாக்கறியா?”

அவள் கசங்கிய விரிப்பை எடுத்து மறுபடி உதறினாள்.

“நானும் அப்படித்தான் இருந்தேன். நாம போகலைன்னா அவங்க சொல்றதுதான் கணக்கு. மூணு வருஷம் சம்பளத்துல பிடிச்சாங்க. புதன்கிழமை நானும் வரேன்.”

“உங்களுக்கு எதுக்குக்கா வீண் அலைச்சல்?”

“சைரன்னு பேரு வெச்சவளுக்கு இதுகூடச் செய்யலைன்னா எப்படி?”

பேர் வைத்தது யாரென்று சைரனுக்குத் தெரியும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சைரன் அதற்குள் அடுத்த வரிசைக்குப் போய் யாரையோ ஏசத் தொடங்கியிருந்தாள்.

அன்று மாலையே இலவச சட்ட உதவி மையத்துக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பதில் மனுவும் போடவைத்தாள்.

புதன்கிழமை, இரவு வேலை முடிந்த கையோடு சீருடையிலேயே வந்திருந்தாள் சைரன். பெயரைக் கூப்பிட்டதும் இவள் எழுந்தாள். நீதிபதி நிறுவனத்தின் வழக்கறிஞரைப் பார்த்தார்.

“இந்தத் தொகை எப்படி வந்தது? கணக்கு எங்கே?”

வழக்கறிஞர் கோப்பைப் புரட்டினார். மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார். கணக்கை வங்கியில் கேட்டு வாங்க அவகாசம் வேண்டும் என்றார்.

“நீங்க என்னம்மா சொல்றீங்க?” என்று நீதிபதி இவளைக் கேட்டார்.

“செலவு பண்ணது நிஜம்தாங்க ஐயா. அதைக் கட்டிடறேன். அதுக்கு மேல கேக்கறது என்னன்னு எனக்குத் தெரியல.”

பேசியது தானா என்று அவளுக்கே சந்தேகம். பின் வரிசையில் சைரன் தொண்டையைக் கனைக்க, அறையே திரும்பிப் பார்த்தது.

வெளியே போய்ப் பேசி முடித்துக்கொண்டு வரச் சொன்னார் நீதிபதி. நடைவழியில் அரைமணி நேரம் பேச்சு. வட்டியும் அபராதமும் தள்ளுபடி. செலவழித்ததை மட்டும் இரண்டு வருடத்தில் தவணையாகக் கட்டினால் போதும். நீதிபதி முன்னாலேயே கையெழுத்தானது.

திரும்பும் பேருந்தில், என்ன சொல்லி நன்றி சொல்வது என்று வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு இவள் திரும்பியபோது, சைரன் தூங்கிப்போயிருந்தாள். ஒரு திருப்பத்தில் அவள் தலை சரிந்து இவள் தோளில் விழுந்தது. தலைமுடியில் சலவைத்தூள் வாசனை. இவள் முதுகை நிமிர்த்தி, தோளை ஆடாமல் வைத்துக்கொண்டாள். இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தது. நடத்துநர் இவளைப் பார்த்தார். போகலாம் என்று இவள் விரலை மட்டும் அசைத்தாள்.