இடது பக்கம் ரெண்டு ஸ்பீக்கர்

தாராவியில் ஒரு தையல் பட்டறையில் பதினெட்டு வருஷமாக வேலை பார்த்ததில் கனகவள்ளியின் இடது காது முக்கால்வாசி போய்விட்டது. அவள் மெஷினுக்கு இடப்பக்கம்தான் ஜெனரேட்டர் இருந்தது. காதில் மாட்டும் கருவியைப் போட்டால் பாட்டு தகரத்தைத் தட்டுவதுபோல் கேட்டது. போடாவிட்டால் பாட்டு முழுக்க வலப்பக்கமே ஒதுங்கி நின்றது.

"போன காது போனதுதான், விட்டுரு" என்றார் கணவர் சிவனாண்டி.

"காது திரும்பாதுன்னா பாட்டத் திருப்புதேன்" என்றாள் அவள்.

வீட்டின் மேலே ஓர் அறை, தகரக் கூரையோடு சும்மா கிடந்தது. யாசரின் பழைய சாமான் கடையில் மூன்று ஸ்பீக்கர்களைப் பொறுக்கினாள். ஹிந்தி வீடியோக்களைப் பார்த்து வயர்களை ஈயம் வைத்துப் பற்றவைக்கப் பழகினாள்; கையில் நாலு இடத்தில் சூடு. பிளைவுட்டில் இரண்டு பெட்டிகள் செய்தாள். முதல் பெட்டி கரகரத்தது. மூலையில் காற்று கசிவதைக் கண்டுபிடித்துப் பசை வைத்து அடைத்தாள். சுவரில் முட்டை அட்டை ஒட்டியதில் எதிரொலி குறையவில்லை, கரப்பான்தான் வந்தது. அதைப் பிய்த்தெறிந்துவிட்டு, பட்டறையில் மிஞ்சும் சிந்தி என்கிற துணி வெட்டுகளை மரச்சட்டங்களில் கெட்டியாகத் திணித்து, சுவரிலும் கூரையடியிலும் அறைந்தாள். எதிரொலி அடங்கியது.

வலது பெட்டிக்கு ஒரு ஸ்பீக்கர். இடது பெட்டிக்கு இரண்டு. ஒரே ஒரு நாற்காலியை நகர்த்தி நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். காது போய் நாலு வருஷத்துக்குப் பிறகு பாடுகிறவளின் குரல் அவள் நெற்றிக்கு நேராக வந்து நின்றது. கனகவள்ளி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் இசக்கிராஜ் வந்தான். கோயில் கொடைகளுக்கு மைக் செட் வாடகைக்கு விடுகிறவன்.

"மைனி, ரெண்டும் சமமா இருந்தாத்தான் ஸ்டீரியோ. நீங்க எல்லாம் உல்டாவாப் பண்ணி வச்சிருக்கிய."

"ஒன் காதுக்கு உல்டா. எனக்குச் சரியா இருக்கு."

அவன் சிரித்துவிட்டுப் போனான். புதன்கிழமை அவள் வேலை முடிந்து வந்து பாட்டுப் போட்டபோது குரல் மறுபடி வலப்பக்கம் ஓடிவிட்டது. இடது பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஒரு ஸ்பீக்கரின் வயர் வெட்டப்பட்டிருந்தது.

அவள் கீழே இறங்கி வந்தபோது இசக்கிராஜ் சிவனாண்டியோடு டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணன்தான் சரிபண்ணச் சொன்னாக, மைனி."

"தொழில் தெரிஞ்சவன் செஞ்சா ஒனக்கு நல்லதுதானேன்னு நெனச்சேன்" என்றார் சிவனாண்டி.

"காது யாருது?" என்றாள் கனகவள்ளி. இசக்கிராஜின் பக்கம் திரும்பினாள். "எங்கிட்ட கேக்காம எவனாது அந்தப் பெட்டியத் தொட்டா, திருவிழாவுக்குப் போற ஒன் மைக் செட்டு பூராத்தையும் இப்படியே வெட்டிப் போடுவேன், பாத்துக்கோ."

மேலே போய், இருவருக்கும் கேட்கும்படி கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, வயரை மறுபடி பற்றவைத்தாள். பாட்டைப் போட்டு இடப்பக்கத்துச் சத்தக் குமிழை இன்னும் ஒரு சுற்றுக் கூட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் சிவனாண்டி ஏறி வந்து வாசலில் நின்றார்.

"எடது பக்கம் ரொம்ப எரைச்சலா இருக்கே, வள்ளி."

"இருக்கட்டும்" என்றாள், நாற்காலியைவிட்டு எழாமல்.

அவர் தரையில் உட்கார்ந்து பாட்டு முடியும்வரை கேட்டார்.