பேண்டேஜ் ஒட்டிய ஸ்பீக்கர்

சௌந்தரபாண்டியன் நாசமாகப் போகவேண்டும் என்று நான் கும்பிடாத நாள் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிற பெரிய மனுஷன். இரைச்சல் வருகிறது, என்னவென்று பாருங்கள் அண்ணே என்று என் கிட்டார் ஆம்ப்ளிஃபயரை நம்பிக் கொடுத்தேன். வால்வு போட்ட பழைய செட்டு, ஸ்பீக்கரும் அதே பெட்டிக்குள்தான்.

திருப்பிக் கேட்கப் போனபோது, "டிரான்ஸ்பார்மர் கருகிப் போச்சு நாகஜோதி. காயலாங்கடையில போட்டுட்டேன்" என்றான், வாய் கூசாமல். என்னைக் கேட்காமல் எப்படிப் போடலாம் என்று கத்தினேன். அவன் பல் குத்திக்கொண்டிருந்தான்.

பகலில் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனி, சாயங்காலம் இன்னிசைக் குழுவில் கிட்டார் என்று இருந்தவள் நான். செட்டு இல்லாதவளை எந்தக் குழு கூப்பிடும்? என் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். செட்டு கிடைத்தால்தான் மேடை என்று ஆகிப்போனது.

போன வாரம் மிக்சி மோட்டார் தேடி சேக் முகைதீன் பாயின் காயலாங்கடைக்குப் போனேன். மூலையில் என் ஸ்பீக்கர் கிடந்தது. அதன் கூம்புத் தாள் கிழிந்த இடத்தில் பேண்டேஜ் துணியை வெட்டி நான்தான் ஒட்டியிருந்தேன். நூல் பிரியாமல் இருக்க ஓரத்தை உள்ளே மடித்து ஒட்டுவது எங்கள் கம்பெனிப் பழக்கம். வேறு எவனும் அப்படிச் செய்யமாட்டான்.

"பெட்டி எங்க பாய்?"

"பெட்டி வரலம்மா. அசிங்கமா இருக்குன்னு ஸ்பீக்கர மட்டும் சௌந்தரபாண்டியன் கழட்டிப் போட்டாரு. பெட்டி அவரு கச்சேரிக்குல்லா போகுது."

அசிங்கமாம். அடையாளத்தைக் கழற்றியிருக்கிறான், திருட்டுப் பயல். ஸ்பீக்கரைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அவன் அடுத்த கச்சேரி எங்கே என்று விசாரித்து பஸ் ஏறினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபம். ரிசப்ஷன் தொடங்கவில்லை. மேடையில் என் செட்டு புதுசாக அடித்த கறுப்புப் பெயிண்டோடு நின்றது. பின்பக்கம் குனிந்து பார்த்தேன். அதே வால்வுகள். ஸ்பீக்கர் இருந்த ஓட்டையில் இரண்டு வயர் சும்மா தொங்கியது.

"இது என் செட்டு."

"கறுப்பா இருக்க பெட்டியெல்லாம் இவ பெட்டியாம்" என்று சௌந்தரபாண்டியன் ஊரைக் கூட்டினான். "என்ன அடையாளம், காட்டு பாப்போம்."

பைக்குள் கை விட்டேன். கண் அந்த வயரிலேயே நின்றது.

"ஸ்பீக்கர் இல்லாம எப்படி ஓடுது?"

"உள்ள ஒரு வயர் எடுத்து மிக்சருக்குக் குடுத்திருக்கேன். ஸ்பீக்கர் என்னத்துக்கு? ஏட்டி, போய் கம்பெனி வேலையப் பாரு."

டிரான்சிஸ்டர் பெட்டிக்கு அது சரி. வால்வு செட்டை ஸ்பீக்கர் மாட்டாமல் சத்தமாக ஓட்டினால் டிரான்ஸ்பார்மர் கருகிவிடும். நிறுத்துங்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. என் செட்டாயிற்றே. ஆனால் அந்த 'ஏட்டி' காதிலேயே நின்றது. பையிலிருந்து கையை எடுத்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையேறினார்கள். பாட்டு ஆரம்பித்தது.

"கிட்டார் கேக்கவே இல்லயே அண்ணே" என்றேன். "செட்டு அம்புட்டுதானா?"

ரோஷக்காரன். எழுந்து போய் செட்டின் சத்தத்தை முழுக்கத் திருகிவிட்டான். அடுத்த பாட்டு பாதியில் கிட்டார் செத்தது. பெட்டிக்குப் பின்னால் புகை எழும்பி மாப்பிள்ளை முகத்துக்கே போனது. பெண் சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

பெண்ணின் அப்பா வைகுண்டராஜ் வந்து அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். "எம்மவ கல்யாணத்துல தீ வைக்கியால?"

"என் செட்டு இல்லண்ணே" என்று உளறினான் சௌந்தரபாண்டியன். "இந்தா இருக்காள்ல, இவ செட்டு. இவ குடுத்த ஓட்டச் செட்டுண்ணே."

இதற்குத்தானே காத்திருந்தேன். மேடையேறி, பையிலிருந்த ஸ்பீக்கரை எடுத்து செட்டின் ஓட்டையில் வைத்துக் காட்டினேன். திருகாணித் துளைகள் நாலும் பொருந்தின.

வைகுண்டராஜ் அதைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "அவ செட்டுன்னா அவகிட்ட குடு. நீயே தூக்கிட்டுப் போய் ஆட்டோவுல ஏத்து."

அத்தனை சனத்துக்கு நடுவே தூக்கினான். கனத்த பெட்டி, சூடு வேறு. வேர்த்து வழிந்தது.

"மெதுவா வைங்க, கண்ணாடி வால்வு" என்றேன்.

ஆட்டோக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்னம்மா, கருகுன வாடை?"

அவன் முகத்தைப் பார்த்தே சொன்னேன். "டிரான்ஸ்பார்மர் கருகிப் போச்சு. அண்ணன் அன்னைக்கே சொன்னாவ, நான்தான் நம்பல."

ஆட்டோ கிளம்பியது. மில் மோட்டாருக்கும் கருகின டிரான்ஸ்பார்மருக்கும் காயில் கட்டுகிற கடை எங்கள் தெருவிலேயே இருக்கிறது. நாளைக் காலையில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.