மெஸூசா ஏறும் வரை

பத்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வாங்க அத்தை," என்றாள் சிபோரா.

மும்பையில் மகன் விமலுக்கும் சிபோராவுக்கும் பதிவுத் திருமணம் நடந்தபோது பத்மா வரவில்லை. யூதப் பெண் மருமகளாவதை அவளால் ஏற்க முடியவில்லை. இரண்டு வருடம் கழித்து, இப்போதுதான் முதல் முறையாக மதுரையிலிருந்து துபாய்க்கு வந்திருக்கிறாள். இந்த முறை எப்படியாவது அவள் மனதில் இடம் பிடித்துவிட வேண்டும் என்பதைத் தவிர சிபோராவுக்கு வேறு நினைப்பே இல்லை.

பத்மா கதவு நிலையைப் பார்த்தாள். வலது பக்கம், தோள் உயரத்தில், ஸ்க்ரூ கழற்றிய ஓட்டைகள்.

"இங்க ஒண்ணு இருந்துச்சே. வெள்ளியில, விரல் நீளத்துக்கு. போட்டோவுல பார்த்தேன்."

"அது மெஸூசா, அம்மா," என்றான் விமல். "உனக்குப் பிடிக்காதோன்னு கழட்டி அலமாரியில வெச்சிருக்கோம். நீ ஊருக்குப் போனதும்..."

"நான் கழட்டச் சொன்னேனா?" பத்மா மருமகள் பக்கம் திரும்பினாள். "அது என்ன, தாயத்தா?"

"இல்ல அத்தை. உள்ள ஒரு தோல் சுருள் இருக்கு. கடவுள் ஒருத்தர்தான், அவரை முழு மனசோட நேசி, இதை உன் வீட்டு நிலையில எழுதி வைன்னு கையால எழுதியிருக்கும். எங்க ஆளுங்க இருக்கற வீட்ல அது இருக்கணும். குடியிருக்கும்போது கழட்டக்கூடாது."

கடைசி வாக்கியத்தில் அவள் குரல் இறங்கிவிட்டது.

பத்மா பெட்டியைச் சுவரோரம் சாய்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். "என்னால உன் சாமி அலமாரிக்குள்ள போச்சுன்னா எனக்கு என்ன பேரு? அது மேல ஏறட்டும். அப்புறம் நான் உள்ள வரேன்."

"அம்மா, ஏசி காத்தெல்லாம் வெளிய போகுது."

"போகட்டும். பில்லு நீதான கட்டற."

விமல் மெஸூசாவையும் ஸ்க்ரூ டிரைவரையும் கொண்டுவந்தான். சிபோரா அவற்றை வாங்கிக்கொண்டாள். மேல் முனை வீட்டுக்குள் சாயும்படி நிலையில் வைத்துப் பிடித்தாள்.

"கோணலா இருக்கு. நேரா வை," என்றாள் பத்மா.

சிபோராவின் கை நின்றது. சரி என்று நிமிர்த்திவிட்டால் மாமியாருக்குத் திருப்தி.

"இல்ல அத்தை, சாஞ்சுதான் இருக்கணும். நிமிர்ந்து நிக்கணும்னு ஒரு பெரியவர் சொன்னார். படுத்திருக்கணும்னு அவரோட சொந்தப் பேரனே சொன்னார். ரெண்டு பேர் பேச்சையும் தட்டாம சாச்சு வைக்கறோம்."

விமல் அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

"தாத்தாவையே எதிர்த்துப் பேசினானா? உங்க வீட்டுலயும் அப்படித்தானா?" பத்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப சாச்சே வை."

சிபோரா எபிரேய மொழியில் ஆசி வாக்கியத்தைச் சொன்னாள். இவ்வளவு நாளும் ஜெபங்களை வாய்க்குள் முணுமுணுத்தவள் இன்று இதை வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். ஸ்க்ரூவை இறுக்கி, விரலால் தொட்டு முத்தமிட்டாள். பத்மாவும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

எதிர் வீட்டு ருக்கையா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "யாரு, விமலோட அம்மாவா?"

"சிபோராவோட மாமியார்," என்றாள் பத்மா.