நான்காம் வகுப்பின் தரை

கரண்டு போனதும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டித்தான் எங்கள் அப்பாவின் நிட்டிங் கம்பெனி. நாள் முழுக்க அந்த மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் நான் பாடம் நடத்த வேண்டும். பழகிவிட்டதால், அது நின்றால்தான் எங்களுக்கு என்னமோ போலிருக்கும். இரண்டாயிரத்து எட்டில் மின்வெட்டு இல்லாத நாளே கிடையாது. அந்த நேரத்துக்கென்று ஒரு பாடம் வைத்திருந்தேன். புத்தகத்தை மூடிவிட்டு எங்கள் ஊரான நெருப்பெரிச்சலைப் பற்றிப் பேசுவோம். உன் வீடு இருக்கிற இடத்தில் முன்னால் என்ன இருந்தது, விசாரித்து வந்து சொல் என்பதுதான் கேள்வி. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். சொந்த ஊரைக் கேட்டால் கோயில் கொடைவிழா வரைக்கும் சொல்வார்கள். தினமும் தூங்கி எழுகிற ஊரைக் கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள். எனக்கு அது பொறுக்காது.

"எங்க லைன் வீடு இருக்க எடத்துல சோளக்காடு கெடந்துச்சாம் டீச்சர்," என்றான் இசக்கிமுத்து.

"எங்கூட்டுக்குப் பொறத்தால மாட்டுவண்டி போற இட்டேரிங்க டீச்சர். பாம்பு நெறையா இருக்குமாமுங்க," என்றான் உள்ளூர்ப் பையன் கதிர்வேல்.

"சரி, நாம இப்ப உக்காந்திருக்கற எடத்துல என்ன இருந்துச்சு?"

சும்மாதான் கேட்டேன். எங்கள் தோட்டமாக இருந்த நிலம் அது. அப்பா சுப்பண்ணன் அதில் ஒரு துண்டைப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்து, இந்த அறையையும் கட்டித் தந்தார். நான் அப்போது ஈரோட்டில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். யாராவது அப்பா பெயரைச் சொல்வார்கள், கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம் என்ற அற்ப ஆசைதான்.

"கெணறு," என்றாள் அபிராமி. இந்த வருஷம்தான் தூத்துக்குடியிலிருந்து வந்தவள். அதிகம் பேசமாட்டாள்.

"யாரு சொன்னா?" தோட்டத்துக் கிணற்றை மூடிவிட்டார்கள் என்று தெரியும். அது இந்த அறைக்கு அடியில்தான் என்று எனக்கே தெரியாது.

"யாருஞ் சொல்லல டீச்சர். கீழ ஈரத்துணி கெடக்கு. எங்கம்மா வேஸ்ட் குடோன்லதான வேல பாக்கா. நனைஞ்ச பனியன் வேஸ்ட்டு இந்த வாடதான் அடிக்கும். மெஷின் நின்னா சத்தமும் கேக்கும்."

"என்ன சத்தம்?"

"துணி பிழியுத சத்தம்."

ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொருவராகக் குனிந்து, பழகிய வேலையைச் செய்கிறவர்கள் மாதிரி, தரையில் காதை வைத்தார்கள். நானும் மண்டியிட்டு வைத்தேன். சிமெண்ட் சில்லென்றிருந்தது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு, வெகு கீழே, எதுவோ மெல்ல அமுங்கியது. தண்ணீர் சொட்டியது. மறுபடி அமுங்கியது.

இசக்கிமுத்து விரல் முட்டியால் தரையைத் தட்டிக்கொண்டே போனான். சுவரோரம் கெட்டியாகக் கேட்டது. உள்ளே தள்ளிவந்தால் காலிக் குடத்தைத் தட்டியது போலக் கேட்டது. சத்தம் மாறுகிற இடத்திலெல்லாம் கதிர்வேல் சாக்பீஸால் புள்ளி வைத்தான். புள்ளிகளைச் சேர்த்தபோது பெரிய வட்டம் வந்தது. பாதி வகுப்பு அதற்குள் இருந்தது. என் நாற்காலியும் இருந்தது.

தலைமையாசிரியர் மீட்டிங்குக்குப் போயிருந்தார். பிள்ளைகளை மரத்தடியில் உட்காரவைத்து, சத்துணவு சமைக்கிற சின்னத்தாயைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கம்பெனிக்கு ஓடினேன். அப்பா நின்றுபோன மெஷின்களுக்கு நடுவே அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கப்பா, நம்ம தோட்டத்துக் கெணத்த எதையப் போட்டு மூடுனீங்க?"

"இப்ப எதுக்குக் கண்ணு அது?"

"சொல்லுங்கப்பா."

விசிறுவதை நிறுத்தினார். "அன்னைக்கு மண்ணு லோடு கெடைக்கல. பனியன் கட்டிங் வேஸ்ட்டு மலையாட்டம் கெடந்துச்சு. அதையக் கொட்டி மேல கான்கிரீட்டுப் போட்டாச்சு. ஒண்ணும் ஆவாது சாமி. இத்தன வருசத்துல என்ன ஆச்சு?"

மண்போட்ட கிணறே மழைக்கு உள்வாங்கும். பனியன் துணி எத்தனை நாள் தாங்கும்? இதை வெளியே சொன்னால் அப்பா ஊருக்குள் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள்.

"ஒண்ணும் ஆவாதுன்னா வாங்க. வந்து என்ற நாற்காலில ஒருக்கா உக்காந்து காட்டுங்க. அப்பறம் நானும் வாயத் தெறக்கமாட்டேன்."

எழுந்து வந்தார். வழியில் மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் நனையக்கூடாதென்று சின்னத்தாய் அவர்களை வகுப்புக்குள்ளேயே அனுப்பிவிட்டிருந்தாள். அவரவர் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள், வட்டத்துக்குள் இருந்தவர்களும். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வணக்கம் ஐயா," என்றார்கள்.

அப்பா செருப்பைக் கழற்றினார். ஒரு காலைத் தூக்கினார். அந்தக் கால் வாசற்படிக்கு உள்ளே இறங்கவில்லை. நான் விடுதியிலிருந்து வந்திருந்த திறப்பு விழாவன்றும் ரிப்பனை வெட்டிவிட்டு அவர் வெளியிலேயே நின்றுகொண்டது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. எவ்வளவு அடக்கமான மனிதர் என்று எல்லோரும் மெச்சினோம்.

"வெளிய வாங்க சாமிகளா," என்றார். "எல்லாரும் வெளிய வாங்க. மெதுவா. ஓடாதீங்க."

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். தலையசைத்தேன். காலைச் சத்தமில்லாமல் எடுத்துவைத்து வரிசையாக வந்தார்கள். அப்பா ஒவ்வொருவர் கையையும் பிடித்து வெளியே இழுத்துவிட்டார். கடைசியாக வந்த அபிராமியின் தண்ணீர் பாட்டில் வாசலருகே நழுவி விழுந்தது. அவள் எடுக்கத் திரும்பினாள். அப்பா அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். பாட்டில் அவசரமே இல்லாமல் உருண்டு, சாக்பீஸ் கோட்டைத் தாண்டி, வட்டத்தின் நடுவில் போய் நின்றது.